காலி பெல்ட்

எனக்குக் கைராசி கிடையாது. இது எங்கள் பிளாக்கில் எல்லோரும் சேர்ந்து எப்போதோ தீர்மானித்துவிட்ட விஷயம். நெய்வேலி மண்ணில் எதை வைத்தாலும் வரும். குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் பலாக்கொட்டையைத் துப்பினால் அடுத்த மழைக்கு இரண்டு இலை விட்டு நிற்கும். அப்பேர்ப்பட்ட மண்ணில் மூன்று கறிவேப்பிலைக் கன்றுகளைக் காய வைத்தவள் நான். அதற்குப் பிறகு ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். அதற்குப் பிறகு ஐந்து தங்கமீன்கள். ஐந்தும் ஒரே வாரத்தில் மல்லாந்தன. "உனக்குக் கை சூடும்மா, நீ செடி பக்கமே போகாத" என்று எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் கூடவே சிரிப்பேன். பிறகு வீட்டுக்குள் வந்து, யாரும் பார்க்காதபோது உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாகத்தான் இருக்கும், எல்லோருக்கும் இருக்கிற சூடு.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பார்க்க வேண்டிய டாக்டர்களையெல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு நாள் என் வீட்டுக்காரர், "போதும்ட்டி. ஊசி போட்டுப் போட்டு உன்னையச் சல்லடையாக்கியாச்சு. நாம ஒரு பிள்ளைய தத்து எடுப்போம்" என்றார். எனக்கு அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. சரி என்றேன். அவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிற வேலை. எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாத மனுஷன். இரண்டே வாரத்தில் கல்யாணச் சான்று, மெடிக்கல், போட்டோ என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பச்சைக் கோப்பில் அடுக்கிவிட்டார். விண்ணப்பத்தில் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டார். "உன் கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. போட்டேன்னா கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து ஏத்திருவேன்" என்றார்.

அந்த ஒரு கையெழுத்தை நான் எட்டு மாதம் போடவில்லை. முதலில் ஆடி மாதம் என்றேன். பிறகு ஊரில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றேன். பிறகு போட்டோவில் என் கண் மூடியிருக்கிறது என்றேன். உண்மையான காரணம் வேறு, அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கறிவேப்பிலையைக் காப்பாற்றத் தெரியாதவள் கையில் யாரோ பெற்ற பிள்ளையைக் கொடுப்பார்களா? கொடுத்தால் அந்தப் பிள்ளை என்னாகும்? இதுதான் என் பயம். வேறொன்றும் இல்லை.

தீபாவளி கழிந்து மழை விட்டிருந்த ஒரு காலையில் வடலூருக்குப் போனேன். தங்கமீன்கள் போன பிறகு கண்ணாடித் தொட்டி ஹாலில் சும்மா கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது. வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கத்தான் போனேன். கடைக்காரர் என்னைத் தொட்டிப் பேச்சே எடுக்க விடவில்லை.

"தொட்டிய குடுத்துட்டு இன்னா பண்ணப் போறீங்க? இங்க வந்து இதப் பாருங்கம்மா" என்று உள்ளே கூப்பிட்டார்.

ஒரு தொட்டியில், மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சும் இடத்துக்கு நேர் எதிரே, கல்லைப் பிடித்துக்கொண்டு ஓர் இறால் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கத்தில் எறா என்பார்கள். என் கட்டை விரலைவிடச் சற்று நீளம், செம்மண் நிறம், முதுகு நெடுக வெளிறிய ஒரு கோடு. முன்னங்கால்கள் நான்கின் நுனியிலும் கொடுக்குக்குப் பதிலாக விசிறி இருந்தது. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நான்கையும் விரித்துப் பிடிக்கும். பிறகு ஒவ்வொன்றாக மடக்கி வாய்க்குக் கொண்டுபோகும். மறுபடி விரிக்கும். நான் பஸ்ஸை மறந்து நின்றுவிட்டேன்.

"மெட்ராஸ்லேந்து மீன் வந்த பாக்கெட்ல தப்பி வந்துடுச்சிங்க. எறான்னா கொழம்புக்குத்தானேன்னு ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க. நீங்க எடுத்துக்கினு போங்க" என்றார்.

"என்ன சாப்பிடும்?"

"அதுக்குன்னு ஒண்ணும் போட வேணாம்மா. தண்ணியிலயே சாப்ட்டுக்கும்."

தண்ணியிலயே சாப்ட்டுக்கும். இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

பாலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, ஜோதி தரிசனம் நடக்கிற ஞான சபைக்குப் போகிற ரோடு கண்ணில் பட்டது. தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று ஒரு கணக்கு மனசில் ஓடியது. அந்த இடத்தில்தான் அந்த ஒப்பந்தத்தைப் போட்டேன். இந்த எறா தைப்பூசம் வரைக்கும் உயிரோடு இருந்தால் கையெழுத்துப் போடுவேன். செத்துவிட்டால் பச்சைக் கோப்பைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, இனிமேல் பிள்ளைப் பேச்சே எடுக்காதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிடுவேன். படித்தவள்தான் நான், பி.எஸ்ஸி. ஆனாலும் அந்தப் பையில் அது மீசையை ஆட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்க்கப் பார்க்க, இதைவிட நியாயமான பரீட்சை உலகத்திலேயே கிடையாது என்று தோன்றியது.

இந்தத் தடவை ஒரு தப்பும் நடக்கக் கூடாது என்று இறங்கினேன். சுரங்கத்துத் தூசி பறக்கிற எங்கள் ஊரில் ஜன்னல் கட்டையைக் காலையில் துடைத்தால் சாயங்காலம் அதில் விரலால் கோலம் போடலாம். தூசியோடு சண்டை போட்டே எனக்குப் பாதி ஆயுசு போயிருந்தது. மிச்சப் பாதியை அந்தத் தொட்டிக்குக் கொடுத்தேன். தண்ணியையே சாப்பிடுகிற ஜீவன் என்றால், அதற்குத் தண்ணீர்தானே சோறு? சோற்றில் மண் விழலாமா? குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து, குளோரின் போகட்டும் என்று ஒரு நாள் முழுக்க வைப்பேன். அந்தப் பாடத்தைத் தங்கமீன்கள் கற்றுக்கொடுத்திருந்தன. பிறகு வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுவேன். ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்ச் போதாதென்று மேலே பஞ்சை அடைத்தேன். தொட்டியின் மேல் கண்ணாடி மூடி, அதற்கும் மேல் ஒரு துணி. இரண்டு நாளைக்கு ஒரு தடவை அடி மணலைக் கழுவினேன். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத் தொட்டி பளபளவென்று இருந்தது.

எறா மோட்டார் வாய்க்கு எதிரே ஒரு கல்லைப் பிடித்து உட்கார்ந்துகொண்டது. விரிப்பதும் மடக்குவதுமாக நாள் பூராவும் வேலை. என் வீட்டுக்காரர் அதற்குத் துரை என்று பெயர் வைத்துவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "துரை என்ன பண்ணுதாரு?" என்று கேட்பார். "கும்பிட்டுக்கிட்டு இருக்காரு" என்பேன். எனக்கு அப்படித்தான் தெரிந்தது, கையைக் குவித்துக் குவித்துக் கும்பிடுவது மாதிரி.

எங்கள் பிளாக்குக்குக் கடலூரிலிருந்து மீன்காரம்மா ஒருவர் வருவார். முதல் பஸ்ஸைப் பிடித்து, குள்ளஞ்சாவடியில் பாதிக் கூடையை விற்றுவிட்டு, மீதியோடு எங்களிடம் வருவார். ஒரு நாள் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றவர் ஹாலை எட்டிப் பார்த்துவிட்டார்.

"யம்மா, இன்னாம்மா இது? எறாவ உயிரோட வச்சி பாத்துக்கினு கீறீங்க?"

"வளக்குறேன்."

"நான் தலையில தூக்கிக்கினு வந்து வித்தா, எறா பொடிசா இருக்குதுன்னு பேரம் பேசறது. வூட்ல ஒண்ணுக்கு மாளிகை கட்டி வச்சிக்கினு கீது!" சிரித்ததில் கூடையே ஆடியது. பிறகு குனிந்து தொட்டியை உற்றுப் பார்த்தார். "ஆனா ஒண்ணுமா. இவ்ளோ வெள்ளத் தண்ணில இது இன்னாத்த துன்னும்? எங்க பக்கம் கலங்கல் தண்ணி வந்தாத்தான் எறா கொழுக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க எறா விக்கிறவங்க. நான் வளக்கிறவ. எனக்குத் தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் மீன் வாங்கவில்லை. எறாவை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தேன். சட்டியில் கிடப்பது நம் துரைக்குச் சொந்தக்காரர் மாதிரித் தெரிந்தால் எப்படிச் சாப்பிடுவது?

மார்கழி பிறந்தது. துரை கல்லை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தது. மணலில் மெதுவாக நடந்து, விசிறியால் மணலைத் தடவித் தடவி, நான் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து நிற்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் முகம் பழகிவிட்டது, என்னைப் பார்க்க வருகிறது! எதிர் குவார்ட்டர்ஸ் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். "அட, ஒட்டிக்கிச்சே உங்கிட்ட!" என்றார். அந்த ஒரு வாரம் நான் நடந்த நடை இருக்கிறதே, தரையில் கால் பாவவில்லை. பச்சைக் கோப்பை எடுத்துத் தூசி தட்டிக்கூட வைத்தேன். துரையின் நிறம் மட்டும் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. அழுக்கில்லாத தண்ணீரில் வெளுப்புத்தானே வரும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் முதல் ஷிப்ட். மதியம் வந்து சாப்பிட்டுவிட்டு, தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் பெருமையாக, "பாருங்க, இப்ப கல்லுல ஏறியிருக்கார். கொஞ்ச நேரத்துல என்னைப் பாக்க இறங்கி வருவார்" என்றேன். எதையோ எண்ணுகிறவர் மாதிரி அவர் விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் இருக்கும்.

"ஏட்டி, இங்க வா" என்றார். "இது பெல்ட் காலியா ஓடுது."

"என்ன உளறுதீங்க?"

"உளறல. கையப் பாரு. விரிக்கான், மடக்குதான், வாய்க்குக் கொண்டு போறான். போன வேகத்துலயே திரும்புது. லோடு இருந்தா வாய்ல கொஞ்ச நேரம் நிக்கணும்லா? காலியாப் போகுது, காலியா வருது." அவர் குரல் இறங்கியது. "பதினாறு வருசமா பெல்ட் ஓட்டுதேன். காலி பெல்ட் எனக்குத் தெரியாதா? மோட்டார் ஓடும், பெல்ட் ஓடும், தூரத்துல நின்னு பாத்தா வேலை நடக்க மாதிரியே இருக்கும். மேல ஒரு கட்டி மண்ணு இருக்காது."

அவர் போனை எடுத்து எதையெதையோ தேடினார். ஒரு இங்கிலீஷ் பக்கம் கிடைத்தது. இருவரும் தலையைச் சேர்த்து வைத்துப் படித்தோம். இந்த வகை எறா தண்ணீரில் மிதந்து வருகிற நுண்ணிய துகள்களை விசிறியால் வடித்துச் சாப்பிடும். தண்ணீர் மிகவும் சுத்தமாக இருந்தால் பட்டினிதான். பசி தாங்காதபோது ஓட்டத்தை விட்டு இறங்கி, தரையில் நடந்து, மணலைத் தடவித் தேடும். தரையில் நடந்தால் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம்.

என்னைப் பார்க்க வரவில்லை. பசிக்கு வந்திருக்கிறது. கும்பிடவில்லை. சோற்றுக்குக் கை ஏந்தியிருக்கிறது. பசித்து வந்தவருக்கெல்லாம் சோறு போடுகிற ஊர் வடலூர். அங்கிருந்து வாங்கிவந்த ஜீவனை ஒன்றரை மாதம் பட்டினி போட்டிருக்கிறேன், அதுவும் வேட்டித் துணியால் வடிகட்டி, கண்ணும் கருத்துமாக!

"இதான் என் கை. பாத்துக்கிட்டீங்களா?" என்று கத்தினேன். "இது செத்துப் போகும். எனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இதுக்கும் கையெழுத்துக்கும் என்னட்டி?"

அப்போது எல்லாம் கொட்டிவிட்டது. கறிவேப்பிலை, தங்கமீன், பஸ், தைப்பூசம் என்று மூக்கைச் சிந்திச் சிந்தி ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டார். கோபம் வரும் என்று நினைத்தேன். முகம் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இத்தன மாசமா எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? உனக்கு இஷ்டமில்ல, என் மொகத்துக்காகச் சரின்னு சொல்லிட்ட, அப்படித்தான் நெனச்சேன். கடைசில ஒரு எறா கையில போய் எம்பிள்ளையக் குடுத்து வச்சிருக்கியே!"

எம்பிள்ளை என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு எழுந்து போய் ஃபில்டரிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார். "அழுகுறத அப்புறம் வச்சுக்க. முதல்ல துரைக்கு லோடு ஏத்து" என்றார்.

அன்றிலிருந்து நான் எதிரிக் கட்சிக்கு மாறினேன். இத்தனை வருடம் தூசியைத் துடைத்த கையால் தூசி தயாரித்தேன். மீன் தீனியைச் சின்ன உரலில் போட்டு, விரலில் ஒட்டுகிற மாவு ஆகும்வரை இடித்தேன். பச்சைப் பட்டாணியை வேகவைத்து, மசித்து, தண்ணீரில் கரைத்தேன். கொல்லையில் ஒரு வாளித் தண்ணீரை வெயிலில் வைத்துப் பச்சை பிடிக்க விட்டேன். மணலைக் கழுவுவதை நிறுத்தினேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. கை அரிக்கும், கையைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். கலக்கியதைத் தொட்டியில் எங்கே ஊற்றுவது என்பதையும் அவர்தான் சொன்னார். "நடுவுல ஊத்தாத. மோட்டார் வாயில, லோடிங் பாயிண்ட்ல விடு. ஓட்டமே கொண்டுபோய்ச் சேக்கும்."

முதல் சொட்டு விட்ட அன்றைக்குத் துரை தரையில்தான் கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கல்லில் ஏறியது. விரித்தது. மடக்கியது. வாயில் வைத்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். வாயிலேயே வைத்திருந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம்போல. பிறகுதான் விரித்தது.

"நிக்குதுங்க! வாயில நிக்குது!" என்று போட்ட சத்தத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு ஓடி வந்தார்.

அடுத்த தடவை மீன்காரம்மா வந்தபோது நானே உள்ளே கூப்பிட்டேன். "நீங்க சொன்னதுதாங்க சரி. நான்தான் கோவத்துல பேசிட்டேன்" என்றேன். அவர் லேசாகக் கலங்கிய தொட்டியைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் எறா குந்தற தண்ணி மாதிரி கீது" என்றார். போகும்போது, "ஏம்மா, பண்டிகைக்கு அடிச்சிருவீங்களா?" என்று கண்ணடித்தார். கூடையால் அவரை அடிக்கப் போனேன்.

பொங்கல் வரைக்கும் துரைக்கு நிறம் ஏறிக்கொண்டே வந்தது. தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஆளைக் காணவில்லை. கல்லில் இல்லை, மணலில் இல்லை. பின்னால் எங்கேயோ ஒளிந்திருக்கும் என்றார் அவர். நான் நாளுக்கு நாற்பது தடவை குனிந்து பார்த்தேன்.

தைப்பூசத்தன்றும் அவருக்கு முதல் ஷிப்ட். விடியுமுன் கிளம்பிப் போய்விட்டார். மெயின் ரோட்டில் வடலூர் போகிற ஸ்பெஷல் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து தொட்டியைப் பார்த்தேன். மோட்டார் வாய்க்குக் கீழே, மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. மீசை, கண், நாலு விசிறி எல்லாம் அப்படியே இருந்தன. ஓட்டம் படும்போது மட்டும் சும்மா ஆடியது.

டீ வடிகட்டியால் எடுத்து ஓர் எவர்சில்வர் தட்டில் வைத்தேன். உற்றுப் பார்க்கத் தைரியம் இல்லை, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்து அழுதேன். சரியாகத் தைப்பூசத்தன்றைக்கு! ஒரு நாள் தள்ளிப் போயிருக்கக் கூடாதா, பாவி?

அழுது முடிந்தபோது வெயில் ஜன்னல் கட்டைக்கு வந்துவிட்டது. அதில் தூசி இருந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன், எடுத்த கை நின்றது. நான் என்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். கறிவேப்பிலைக்குத் தினமும் குடம் குடமாக ஊற்றினேன், வேர் அழுகியது. தங்கமீனுக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்த கையோடு ஊற்றினேன். எறாவைப் பட்டினி போட்டேன். இதில் கையின் ராசி எங்கே வந்தது? எதிரே இருக்கிற ஜீவனுக்கு என்ன வேண்டும் என்று பார்க்காமல், என்னிடம் இருக்கிற நல்லதையெல்லாம் அதன் தலையில் கொட்டியிருக்கிறேன். அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு மாதமாக எனக்குப் பார்க்கத் தெரிந்தது. வாயில் நிற்கிறதா இல்லையா என்று தெரிந்தது. இது போய்விட்டாலும் அந்தப் பார்வை எங்கே போகும்?

அலமாரியைத் திறந்து பச்சைக் கோப்பை எடுத்தேன். தட்டில் எறா கிடக்க, அதன் பக்கத்திலேயே விண்ணப்பத்தை வைத்து என் கையெழுத்தைப் போட்டேன். பேனா மை கொஞ்சம் தடித்துவிட்டது.

அவர் மூன்று மணிக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே வழக்கம்போல, "துரை என்ன..." என்று ஆரம்பித்தவர் தட்டைப் பார்த்து நிறுத்தினார். பிறகு விண்ணப்பத்தைப் பார்த்தார். தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தொட்டார். லேசாக ஊதினார். அது தட்டின் ஓரத்துக்கு நகர்ந்தது.

"ஏட்டி, கூறுகெட்டவளே! இது ஆளு இல்ல, சட்டை."

"என்னது?"

"சட்டை உரிச்சிருக்கான். பாரு, முதுகுல பொளந்திருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல."

டார்ச்சை எடுத்துத் தொட்டியின் பின்பக்கம் அடித்தார். பெரிய கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், விசிறிகளை மூடிக்கொண்டு, புதுச் செம்மண் நிறத்தில் துரை பம்மிக்கொண்டிருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் பெரிசாகத் தெரிந்தது. வயிறு நிறைந்தால்தானே வளர்ச்சி, வளர்ந்தால்தானே சட்டை பத்தாது! நான் அழுதுகொண்டே சிரித்தேன், மூக்கும் வழிந்தது, பார்க்கச் சகிக்காமல்தான் இருந்திருப்பேன்.

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணு சொல்லு. கையெழுத்து முன்னயா, இது செத்துப் போச்சுன்னு நீ நெனச்சது முன்னயா?"

"நெனச்சதுதான் முன்ன. அப்புறந்தான் போட்டேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைக் குழாய்க்குப் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் ஒன்றே முக்கால் வருடம் காத்திருந்தோம். நடுவில், தத்து கொடுக்கிற இடத்திலிருந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போக ஒரு மேடம் வந்தார். கேள்வியெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, தொட்டியைப் பார்த்து, "இத அடிக்கடி கழுவ மாட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். விசிறி, துகள், பட்டினி, சட்டை என்று காப்பி ஆறும்வரை பேசினேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்த மேடம் பேனாவை மூடிவிட்டு, "அது சாப்பிடறத எனக்கும் காட்டுங்க" என்று தொட்டி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் மகள் வந்தபோது அவளுக்கு இரண்டு வயது முடியவில்லை. வந்த அன்றைக்கு அழவே இல்லை. நான் சமையலறைக்குப் போனால் பின்னால் வந்தாள். கொல்லைக்குப் போனால் கொல்லைக்கு வந்தாள். என் புடவையைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் மட்டும் வந்து நின்றாள். பிளாக்கே எங்கள் ஹாலில் இருந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா முதல் ஆளாக, "பாருங்களேன், வந்த அன்னைக்கே அம்மாகிட்ட ஒட்டிக்கிட்டா!" என்றார்.

எனக்கும் அப்படி நினைக்க ஆசைதான். ஆனால் அதற்கு முன்னால் நான் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கண் என் மேல் இல்லை. அடுப்பு மேடையில் இருந்த பாத்திரத்தின் மேல் இருந்தது. வந்ததிலிருந்து எல்லோரும் கொஞ்சினோம், பொம்மை கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். பிள்ளைக்குச் சோறு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் நகருங்க" என்றேன். பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து, தரையில் உட்கார்ந்து, ஒரு வாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வாயில் வைத்திருந்து, மெதுவாக மென்று, விழுங்கினாள். கிண்ணம் காலியாகும்வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முடிந்ததும் எழுந்து ஹாலுக்குப் போனாள். தொட்டிக் கண்ணாடியில் மூக்கை வைத்துத் துரையைப் பார்த்தாள். துரை விரித்தது, மடக்கியது. அவளும் ஒரு தடவை கையை விரித்து மடக்கினாள்.

நான் கிண்ணத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. அவள்தான். கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அடுப்பையும் பார்க்கவில்லை. நேராக வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

வயிறு நிறைந்த பிறகும் வந்தாள்.